பொலிகுதிரையும் குடிவழிப் பதிவேடும்

முன்னுரை

இனப்பெருக்கத்தின் பொருட்டுத் தனியே பேணப்படும் ஆண் விலங்கின் பெயர் தமிழில் 'பொலி' என்னும் அடை பெற்று வழங்குகின்றது. பொலிகாளை, பொலியெருது, பொலிகடா, பொலிகுதிரை என்பன அவ்வாறு அமைந்த சொற்கள். பொலிதல் என்பதற்கு மிகுதல், செழித்தல், விளங்குதல் என்னும் பொருள்கள் உள. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லையும் பொலி என்பது உழவர் வழக்கு. தொல்காப்பிய மரபியல் குதிரையின் பெண்ணைப் பெட்டை என்றும், அதன் இளமையைக் கன்று என்றும் வழங்குதற்கு இலக்கணம் கூறுகின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கன்றுக்கும் சொல் உடைய மொழி தமிழ்மொழி. எனினும், தமிழ் வேந்தர் குதிரையினம் ஒன்றைத் தம் நாட்டிலேயே தோற்றுவித்து வளர்த்தமைக்கு நம் இலக்கியமோ கல்வெட்டோ தெளிவான சான்று தரவில்லை. அவை மீண்டும் மீண்டும் கூறுவது கடல்வழி வந்த குதிரையைப் பற்றியே.

பாண்டியர் துறைகளில் வந்திறங்கிய குதிரைகள் அரேபியக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்தவை. அவ்வரேபிய நிலத்தோடு தொடர்புடைய குதிரைகள் சில, பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திற்கும் சென்றன. ஆங்குச் சென்ற சிலவற்றின் வழியில் உலகெங்கும் பரவிய 'தரோபிரெட்' என்னும் உயரினப் பந்தயக் குதிரை தோன்றியது. ஈண்டு வந்த ஆயிரக் கணக்கான குதிரைகளோ வழி தெரியாமல் மறைந்தன. இவ்வேறுபாட்டிற்குத் தட்பவெப்பமே காரணம் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை முழுமையானதன்று என்பதும், பொலிகுதிரையை ஓர் இனத்தின் தலைவனாக ஆக்கியது குருதியோடு சேர்ந்த எழுத்துப் பதிவு என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவ முயலும் கருத்துகள்.

மூன்று முதற்குதிரைகள்

இன்று உலகில் உள்ள உயரினப் பந்தயக் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் மூன்று பொலிகுதிரைகளையே சென்று சேர்கின்றன. முதலாவது பையர்லி துருக்கன். இராபர்ட்டு பையர்லி என்னும் படைத்தலைவருக்கு உரியதாய் இருந்த இக்குதிரை, கி. பி. 1690-இல் அயர்லாந்தில் நிகழ்ந்த பாய்ன் போரில் அவரைச் சுமந்தது. இரண்டாவது டார்லி அரேபியன். சிரியா நாட்டு அலெப்போ நகரில் இருந்த தாமசு டார்லி என்பவர் கி. பி. 1704-இல் இதனை யார்க்சயரில் உள்ள தம் குடும்பப் பண்ணைக்கு அனுப்பினார். மூன்றாவது கொடால்பின் அரேபியன். பிரான்சு நாட்டின் வழியாக எட்வர்டு கோக்கு என்பவரிடம் வந்து, அவர் மறைந்தபின் கொடால்பின் பிரபுவின் உடைமையாகி, கி. பி. 1753-இல் இறந்தது.

இம்மூன்றும் ஓட்டப் பந்தயங்களில் பெயர் பெற்றவை அல்ல. இவற்றின் புகழ் வழித்தோன்றல்களால் வந்த புகழாகும். பையர்லி துருக்கன் வழியில் ஹெராடும் (1758), கொடால்பின் வழியில் மாச்செமும் (1748), டார்லி வழியில் எக்லிப்சும் (1764) தோன்றின. இம்மூவர் வழியன்றி வேறு ஆண்வழி எதுவும் இன்று எஞ்சவில்லை. அவற்றுள்ளும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவான ஆண்குதிரைகள் எக்லிப்சின் வாயிலாக டார்லி அரேபியனைச் சேர்வன. அக்காலத்தில் இங்கிலாந்திற்கு வந்த கீழைநாட்டு ஆண்குதிரைகளோ மிகப் பல. ஏனையவற்றின் ஆண்வழிகள் அற்றுப்போயின.

உடையவன் பெயரும் குதிரையின் பெயரும்

இம்முதற்குதிரைகளின் பெயர்களை நோக்குக. பையர்லி, டார்லி, கொடால்பின் என்பன குதிரையின் பெயர்கள் அல்ல, உடையவர் பெயர்கள். துருக்கன், அரேபியன் என்பன வந்த திசையைச் சுட்டுவன. 'இன்னார் வைத்திருந்த இந்நாட்டுக் குதிரை' என்பதே இப்பெயரமைப்பின் பொருள்.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. நிகண்டு நூலார் சோழன் குதிரையைக் கோரம் எனவும், பாண்டியன் குதிரையைக் கனவட்டம் எனவும், சேரன் குதிரையைப் பாடலம் எனவும் உடைய வேந்தனைக் கொண்டே பிரித்துரைத்தனர். சிறுபாணாற்றுப்படை பாடும் வள்ளல்களுள் காரியின் குதிரைக்குக் காரி என்றும், ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர் வழங்கியது. குதிரையும் தலைவனும் ஒரு பெயரால் ஒன்றாகும் நெருக்கம் அது. ஆயினும், இவற்றுள் எப்பெயரும் அக்குதிரையின் தந்தை யாது, தாய் யாது என்பதை அறிவிக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் போக்கில் இங்கிலாந்தில் இம்முறை மாறிற்று. குதிரைக்குத் தனக்கென ஒரு பெயரும், அப்பெயரை அடுத்துத் தந்தை பெயரும் தாய் பெயரும் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. உடையவன் மாறினும் குதிரையின் பெயர் மாறாது நின்றது. பெயரிடும் முறையில் நிகழ்ந்த இம்மாற்றமே இனவரலாற்றின் திருப்பம் என்பது எம் கருத்து. உடையவனைச் சார்ந்த பெயர், குதிரை கைமாறும்போது அறுந்துவிடும். பெற்றோரைச் சார்ந்த பெயர் கன்றிலும் அதன் கன்றிலும் தொடரும்.

பதிவேடு பிறந்த வரலாறு

கி. பி. 1727-இல் ஜான் செனி என்பவர் அவ்வாண்டுப் பந்தயங்களின் முடிவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். இது வென்ற குதிரைகளின் பட்டியல். குடிவழியைத் தொகுக்கும் பணி அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே தொடங்கிற்று. ஜேம்சு வெதர்பி கி. பி. 1791-இல் 'ஜெனரல் ஸ்டட் புக்' என்னும் குடிவழிப் பதிவேட்டிற்கு முன்னோடியான தொகுப்பினை வெளியிட்டார். கி. பி. 1793-இல் முதற்றொகுதி வந்தது. திருந்திய பதிப்பு 1808-இல் வெளிவந்தது. இப்பதிவேட்டில் இடம்பெற்ற பெற்றோர்க்குப் பிறந்ததே உயரினக் குதிரை என்னும் வரையறை இதனால் உண்டாயிற்று. பழைய குடும்ப ஏடுகளையும் விற்பனைக் குறிப்புகளையும் ஒத்துப் பார்த்துத் திரட்டிய இப்பணி, சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி மூலபாடம் காணும் பணியை ஒத்தது.

பதிவின் ஆற்றலுக்கு எக்லிப்சின் முன்னோரே சான்றாவர். டார்லி அரேபியனுக்குப் பிறந்த உடன்பிறப்புகள் இரண்டு. அவற்றுள் பிளையிங் சில்டர்சு விரைவில் ஒப்பற்றதெனப் புகழ்பெற்றது. மற்றொன்றாகிய பார்ட்லெட்டு சில்டர்சு பந்தயக் களத்தையே காணாதது. ஆயினும் எக்லிப்சு தோன்றியது பின்னதன் வழியிலேதான். பார்ட்லெட்டு சில்டர்சின் மகன் ஸ்குவர்ட்டு. அதன் மகன் மார்ஸ்கி. அதன் மகன் எக்லிப்சு. ஓடாத குதிரையின் பெயர் பதிவில் நில்லாதிருந்தால், இவ்வழி கண்ணுக்குப் புலனாகியிராது.

எக்லிப்சு கி. பி. 1764-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஞாயிற்று மறைப்பின்போது பிறந்ததனால் அப்பெயர் பெற்றது. 1769, 1770 ஆகிய ஈராண்டுகளில் பதினெட்டுப் பந்தயங்களில் ஓடித் தோல்வியே காணாதது. அதன் தந்தை மார்ஸ்கியோ, உடையவரான கம்பர்லாந்துக் கோமகன் மறைந்தபின் அற்ப விலைக்கு விற்கப்பட்டிருந்தது. மகன் வென்றபின் தந்தையின் மதிப்புப் பன்மடங்கு உயர்ந்தது. பொலிகுதிரையின் விலை அதன் உடலில் மட்டும் இல்லை. அதன் மக்களைப் பற்றிய செய்தியில் உள்ளது என்பதனை இந்நிகழ்ச்சி காட்டும். எக்லிப்சின் தந்தை மார்ஸ்கியன்று, ஷேக்ஸ்பியர் என்னும் மற்றொரு பொலிகுதிரையே என்ற பூசலும் அக்காலத்து எழுந்தது. தந்தை யார் என்பது பொருள்மதிப்புடைய வினாவாகிவிட்டமையின் பூசல் எழுந்தது என்க.

பொலிகுதிரை வணிகத்தின் இயல்பு

பதிவேடு அமைந்தபின், பந்தயத்தில் வென்ற ஆண்குதிரையைப் பண்ணையில் நிறுத்தி, பிறர் கொணரும் பெட்டைகளோடு கட்டணம் பெற்றுச் சேர்ப்பது தனி வணிகமாயிற்று. பண்ணையார் வெளியிடும் அறிவிப்பில் குதிரையின் பெயர், தந்தை, தாய், தாயின் தந்தை, வென்ற பந்தயங்கள், ஈன்ற மக்களின் வெற்றிகள், கட்டணம் ஆகியன முறையாக இடம்பெறும். ஒருவகையில் இவ்வறிவிப்பு வேந்தர் மெய்க்கீர்த்தியை ஒத்தது. வெற்றிகளும் குலமும் அங்கும் அடுக்கப்படுகின்றன. வேறுபாடு யாதெனின், இதில் பொய் கூறின் பதிவேடு காட்டிக் கொடுத்துவிடும்.

பெட்டை சினைகொண்டிருக்கும் காலம் ஏறத்தாழப் பதினொரு திங்கள். வடபுலத்து நாடுகளில் கன்றுகள் எந்நாளில் பிறப்பினும் சனவரி முதல் நாளே வயது கணக்கிடப்படும். ஆதலின், ஆண்டின் தொடக்கத்தை ஒட்டிக் கன்று பிறக்குமாறு பெப்ரவரி நடுவிலிருந்து கோடை வரையில் பொலிவிக்கின்றனர். அப்பருவம் முடிந்தபின் சில குதிரைகளை வானூர்தியில் ஆஸ்திரேலியா முதலிய தென்புல நாடுகளுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள பருவத்திலும் பயன்படுத்துகின்றனர். செயற்கைமுறைக் கருவூட்டலால் பிறந்த கன்று பதிவேட்டில் ஏற்கப்படுவதில்லை. ஆணும் பெண்ணும் நேரிற் கூட வேண்டும் என்பது விதி. கன்று உயிரோடு பிறந்தால்தான் கட்டணம் என்னும் உடன்படிக்கையும் உண்டு.

புகழ்பெற்ற குதிரையின் கட்டணம் வியப்பூட்டும் அளவிற்கு உயர்வது. கனடாவில் பிறந்த நார்தர்ன் டான்சர் (1961-1990) என்னும் பொலிகுதிரைக்கு 1980-களில் ஒரு சேர்க்கைக்குப் பத்து இலக்கம் டாலர் வரை கேட்கப்பட்டது. அதன் வழியில் வந்த கலிலியோ (1998-2021) பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் தலைமைப் பொலிகுதிரையாகப் பன்னிரண்டு முறை விளங்கியது. ஒரு குதிரைக்கு ஓராண்டில் ஏறத்தாழ நாற்பது பெட்டைகள் என்றிருந்த பழைய அளவு இன்று நூற்றைக் கடந்து, சிலவற்றிற்கு இருநூற்றை எட்டிவிட்டது. இனத்தின் பன்மை குறையும் என்று அஞ்சிய அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-இல், அவ்வாண்டும் அதன்பின்னும் பிறக்கும் குதிரைகளுக்கு 140 பெட்டைகளே எல்லை என விதித்தது; பண்ணையார் எதிர்ப்பினால் 2022-இல் அவ்விதியை நீக்கிக்கொண்டது.

பாண்டிய நாட்டுச் சந்தை

இனி, இதே அரேபியக் குதிரை தமிழகத்தில் எவ்வாறு வந்து எவ்வாறு மறைந்தது என்பதனை நோக்குவோம். பட்டினப்பாலை, மதுரைக்காஞ்சி, பெரும்பாணாற்றுப்படை ஆகிய மூன்றும் கடல்வழி வந்த குதிரைகளைக் கூறுகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வணிகம் உச்சத்தில் இருந்தது. மார்க்கோ போலோ பாண்டியவேந்தன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், குதிரை ஒன்றின் விலை 220 பொற்காசு எனவும், மாபாரிலும் பிற துறைகளிலும் ஓராண்டில் இறங்கிய குதிரை பத்தாயிரம் எனவும் கூறினார். இவ்வெண்களை மிகையென்று குறைத்துக் கொள்ளினும், இங்கிலாந்து இறக்கிய கீழைநாட்டுக் குதிரைகளை அவற்றோடு ஒப்பிடவே இயலாது.

இவ்வணிகத்தின் கட்டுப்பாடுகள் கருதத்தக்கவை. கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியனே விலை கொடுத்தான் என்பது வஸ்ஸாப்பின் கூற்று. குதிரை மருத்துவர் இந்நாட்டிற்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்தனர் என்பது போலோவின் கூற்று. இவ்விரண்டும் உண்மையாயின், குதிரை வாழ்வதில் வணிகனுக்கு நன்மையில்லை, சாவதில் இழப்புமில்லை. ஆண்டுதோறும் சந்தை புதிதாக வேண்டும் என்பதே அவன் நோக்கமாதல் இயல்பு.

விற்பனை முறையும் இதற்கு இயைந்தே இருந்தது. மாணிக்கவாசகர் வரலாற்றில் நரியைப் பரியாக்கிக் கொணர்ந்த இறைவன் குதிரைச் சேவகனாய் வந்து, குதிரைகளின் இலக்கணம் கூறி, கயிறு மாறிக் கொடுத்ததாகத் திருவிளையாடல் நூல்கள் கூறுகின்றன. கயிறு மாறியபின் குதிரைக்கு நேர்வதற்கு விற்றவன் பொறுப்பல்லன். அன்றிரவே பரிகள் நரிகளாகி ஓடியபோது அரசன் சினந்தது வணிகன்மேல் அன்று, அமைச்சர்மேல். இக்கதை சமய உண்மை உணர்த்துவதாயினும், குதிரைச் சந்தையின் நடைமுறையையும் உணர்த்துகின்றது. கயிறு மாறும் கணத்தில் குதிரையின் பழைய வாழ்வு அறுகின்றது. வாங்குவோன் நம்பியிருப்பது உடலிற் காணும் சுழியும் நிறமும் நடையுமே. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ நூல்கள் விரித்துரைப்பதும் இவ்வுறுப்பிலக்கணத்தையே.

இங்கிலாந்திலும் நரியைப் பரியாக்கும் முயற்சி நிகழாமல் இல்லை. கி. பி. 1844-இல் மூன்று வயதுக் குதிரைகளுக்குரிய எப்சம் டெர்பிப் பந்தயத்தில், மக்காபியசு என்னும் நான்கு வயதுக் குதிரையை ரன்னிங் ரெயின் என்ற பெயரில் ஓட்டி வெற்றி கொண்டனர். வழக்கு மன்றம் ஏறியது. நடுவர் குதிரையைக் கொணர்ந்து காட்டுக என்றார், கொணர்வார் இல்லை. வெற்றி இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவிற்குச் சென்றது. குதிரைக்கு எழுத்தில் ஒரு பிறப்பு இருந்தமையால் அப்பொய் வெளிப்பட்டது. உறுப்பிலக்கணம் மட்டும் இருந்த சந்தையில் இவ்வாறு வழக்குத் தொடுக்க இடமில்லை.

கோணற்கால் கன்று

பாண்டிய நாட்டில் சிறந்த ஆண்குதிரையைச் சிறந்த பெட்டையோடு சேர்த்தாலும் கால் கோணிய, ஊர்தற்கு உதவாத கன்றே பிறக்கும் என்று மார்க்கோ போலோ எழுதினார். தட்பவெப்பமே காரணம் என்போர் இக்கூற்றையே பெரிதும் சார்கின்றனர். ஆனால், அவரே அக்குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் இட்டனர் என்றும் கூறுகின்றார். சுண்ணாம்புச்சத்துக் குறைந்து எரியச்சத்து மிகுந்த தானிய உணவு குதிரையின் எலும்பைக் கெடுக்கும் என்பதும், வளரும் கன்றின் காலை அது எளிதில் தாக்கும் என்பதும் இன்றைய கால்நடை மருத்துவம் கண்ட உண்மை. அரிசியுணவு அத்தகையதே. எனவே, கோணற்காலுக்குக் காரணம் நிலம் என்பதினும் தீவனமும் மருத்துவமின்மையும் எனக் கொள்வது பொருந்தும். தென்னிந்தியாவில், மைசூர்ப் பகுதியைச் சார்ந்த குனிகல் பண்ணையில் உயரினக் குதிரைகள் பிறந்து வளர்ந்து பந்தயங்களில் வென்றமை இக்கருத்திற்கு அரணாகும். குனிகல் மேட்டுநிலம், காயல் கடற்கரை என்பதனை மறத்தற்கில்லை. வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் ஓரளவு பங்குண்டு. அதுவே முழுக் காரணம் என்பதனையே யாம் மறுக்கின்றோம்.

பதிவேடு மறந்த பெட்டைகள்

பதிவேட்டின் சிறப்பைக் கூறிய யாம் அதன் குறையையும் கூறுதல் வேண்டும். பொலிகுதிரை மூன்றின் புகழ் எங்கும் பரவியிருக்க, அவற்றோடு கூடிய பெட்டைகளுள் பல, பெயரின்றி 'இன்னதன் மகள்' என்ற அளவிலேயே பழைய ஏடுகளில் நின்றன. இதனால் உயரினக் குதிரை முற்றும் கீழைநாட்டுக் குருதியே என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 2011-இல் வெளிவந்த தாய்வழி மரபணு ஆய்வு, தாய்க்குதிரைகளுள் பிரிட்டன், அயர்லாந்து நாட்டுப் பெட்டைகளின் பங்கு முன்பு கருதப்பட்டதினும் மிகுதி எனக் காட்டியது. அடுத்த ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, குறுந்தொலைவு விரைவிற்குரிய மரபணு வடிவம் உள்நாட்டுப் பெட்டை ஒன்றின் வழியே நுழைந்திருத்தல் கூடும் என முடிவு கூறியது. அரேபியப் பொலிகுதிரைக்கு ஏற்றிக் கூறப்பட்ட விரைவு, பெயர் தெரியாத நாட்டுப் பெட்டையின் கொடையாக இருத்தல் கூடும்.

இது கேட்கும்போது புறநானூற்றில் பொன்முடியார் பாடிய குதிரைமறப் பாடல் ஒன்று நினைவிற்கு வருகின்றது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்றது. பெருவேந்தரின் குதிரைகள் நெய்யுணவு உண்டவை. போர்க்களத்தில் முன்னது படையைப் பிளந்து செல்ல, பின்னவை ஒதுங்கி நின்றன என்பது பாடற்பொருள். புலவர் நோக்கம் தலைவனின் மறம் பாடுதலே. ஆயினும், எளிய தீவனத்தில் வாழவல்ல நாட்டுக்குதிரைகள் இங்கும் இருந்தன என்பதற்கு அப்பாடல் குறிப்பாகின்றது. அப்பெட்டைகளோடு அரேபியப் பொலிகுதிரையைச் சேர்த்து, பிறந்ததைத் தேர்ந்து, தேர்ந்ததை எழுதிவைக்கும் முறை மூன்று நான்கு தலைமுறை தொடர்ந்திருப்பின், தமிழகத்திற்கும் ஓரினம் வாய்த்திருத்தல் கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஒன்று, இங்கிலாந்து பெற்ற கீழைநாட்டுக் குதிரைகள் சில. பாண்டிய நாடு பெற்றவை மிகப் பல. எனவே இனத்தின் தோற்றத்திற்கு எண்ணிக்கை காரணமன்று. இரண்டு, தட்பவெப்பமும் தனிக் காரணமன்று; தீவனமும், மருத்துவமின்மையும், ஆண்டுதோறும் புதிது வாங்குதலையே சார்ந்த சந்தையும் அதனினும் வலியன. மூன்று, குதிரையை உடையவனோடு இணைத்து நோக்காமல் பெற்றோரோடும் மக்களோடும் இணைத்து எழுதிய பதிவேடே பொலிகுதிரைக்கு நிலைத்த மதிப்பைத் தந்தது.

திருவாலங்காட்டுச் செப்பேட்டில் சோழர் குடிவழியை நெடிதாகப் பொறித்த நாடு இது. எழுதும் ஆற்றலும் வழிமுறை போற்றும் மனமும் இங்கு இல்லாதவை அல்ல. குதிரை அவ்வெழுத்திற்கு உரியதாகக் கருதப்படவில்லை. அதே வேளையில், எழுதிவைத்த நாடும் தாய்களை எழுதாமையால் தன் குதிரையின் விரைவு எங்கிருந்து வந்தது என்பதை அறிய மரபணு ஆய்வு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. செப்பேட்டுக் குடிவழியையும் சுவடிகளின் வழிமுறையையும் ஆராயும் நாம், எழுதப்பட்ட பெயர்களை ஆராய்வதோடு, எழுதப்படாமல் விடப்பட்டவை யாவை என்பதனையும் உடன் வினவுதல் வேண்டும்.